கொழுந்தும் தொழுகையும்: சுவரில் எழுத்துக் கற்ற வரலாறு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் இரண்டாந் தரத்து வகுப்பாசிரியனாக இருந்தேன். பதுளை மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் கிராமத்துப் பாடசாலை அது. வகுப்பில் அரைவாசிப் பிள்ளைகள் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து காலையில் இறங்கி வருபவர்கள். பாடங்களைக் கைபேசி வழியே அனுப்பும்படி சொன்னார்கள், அனுப்பினோம். மேட்டு லயத்தில் சமிக்ஞை கிடைப்பதென்றால் பெரிய கல்லுக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். ஏறி நின்றாலும் வீட்டிலிருக்கும் ஒரே கைபேசி தகப்பனோடு கொழும்பில் இருக்கும். இரண்டாந் தரத்துப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கும் பருவம். அந்தப் பருவத்தில் ஆறு மாதம் விடுபட்டால் அது ஆறு மாதத்தோடு முடிவதில்லை என்பது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஊரடங்கு தளர்ந்த ஒரு நாளில் கையால் எழுதிய சில தாள்களை எடுத்துக்கொண்டு லயங்களுக்கு ஏறினேன். ஒரு காம்பராவின் இஸ்தோப்பில் என் மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். உள்ளே சுவரில் வரிசையாகக் கடதாசித் துண்டுகள். பழைய கலண்டர் தாள்களின் பின்புறத்தில் பெரிதாகச் சொற்களை எழுதி, நீள நீளமாக வெட்டி, கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அம்மா, மலை, மாடு, பிரட்டு, பள்ளி, கொளுந்து.

“கொப்பி முடிஞ்சிருச்சு சேர். அதான் சுவத்துல ஒட்டிட்டேன். போகவர பாத்துக்கிட்டே இருப்பா” என்றார் பிள்ளையின் தாய். அவர் கொழுந்து பறிப்பவர். ஐந்தாந் தரத்தோடு படிப்பை விட்டவர்.

எல்லாவற்றுக்கும் மேலே முதல் துண்டாக இருந்தது பிள்ளையின் பெயர். அந்தப் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. தாய் அதை லகரத்தில் எழுதியிருந்தார். “பேர்ல எழுத்து மாறியிருக்கே” என்றேன். “பொறப்புப் பத்திரத்துல அப்படித்தான் சேர் இருக்காம். தெரிஞ்சவங்க வாசிச்சுச் சொன்னாங்க” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சுவரைப் பற்றியது. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்தபோது ‘சொற்சுவர்’ என்பதை மேற்கிலிருந்து வந்த புதிய முறை என்றே கற்றோம். அமெரிக்கக் கல்வியாளர் பற்றீஷியா கனிங்ஹாம் 1991இல் வெளியிட்ட ஒலிவழிக் கற்பித்தல் பற்றிய நூலால் அது பரவலாக அறியப்பட்டது. பிள்ளை அடிக்கடி எழுத நேரும் சொற்களைச் சுவரில் பார்வைக்கு வைப்பது, நாள்தோறும் அவற்றைச் சொல்லியும் எழுதியும் பழக்குவது, எழுதும்போது ஐயம் வந்தால் பிள்ளை தானே சுவரைப் பார்த்துத் திருத்திக்கொள்வது: முறை இவ்வளவுதான். அந்தத் தாய் எந்தக் கலாசாலைக்கும் போகாமல் இதைச் செய்திருந்தார். அன்று இறங்கி வரும்போது, சுவருக்கும் ஏழைப் பிள்ளையின் எழுத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்று தேட வேண்டுமென்று தோன்றியது. தேடியபோது அது நம் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

மணலிலிருந்து சுவருக்கு

நம்மவர்களின் திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் எழுதியது மணலில். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தின் மேல் எழுதி, வாயால் சொல்லி, அழித்து மீண்டும் எழுதுவது வழக்கம். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவனைச் சட்டாம்பிள்ளை என்பார்கள். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அநாதை இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797இல் இலண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது பெயர் பெற்றது.

இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் அந்த மணலை எடுத்துக்கொண்டார். மேலும் ஒன்றைச் சேர்த்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம் வாங்கினால் பணம் போதாது. ஆகவே ஒரே புத்தகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தாள் தாளாக அட்டையில் ஒட்டிச் சுவரில் தொங்கவிடலாம். பிள்ளைகள் அரைவட்டமாக அதன் முன் நின்று எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். ஒரு கூட்டம் முடிந்து போனதும் அடுத்த கூட்டம் வரும். இதனை அவர் 1803இல் எழுதி வெளியிட்டார். இம்முறையை முதலில் கண்டது யார் என்பதில் பெல்லின் தரப்பாருக்கும் லங்காஸ்டரின் தரப்பாருக்கும் இடையில் நீண்டகாலம் வழக்கு நடந்தது. மணலில் எழுதிக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை.

சுவரில் சொல் ஏறியதன் காரணம் இங்கே கவனத்திற்குரியது. புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளைக்காகவே சுவர் புத்தகமாயிற்று. இன்றைய சொற்சுவரை லங்காஸ்டரின் அட்டைகளுடைய நேர்வாரிசு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே தேவைக்கு அருகில் பிறந்தவை. 2022இல் நம் நாட்டில் கடதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டபோதும், கொப்பியின் விலை ஏறியபோதும், எங்கள் பிள்ளைகளுக்குச் சுவர் மறுபடியும் கொப்பியானது.

தோட்டத்தில் எழுத்து

ஊவாவின் மலைகளில் முதலில் கோப்பியும், 1869இல் தலைகாட்டிய இலைநோயால் அது அழிந்தபின் தேயிலையும் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களைச் சூழ எழுத்து எப்போதும் இருந்தது. அவர்களால் அதை வாசிக்கத்தான் முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தவர்களிடம் ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. மாவட்டத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அந்தத் துண்டுக்குத் தெரியும். அதைச் சுமந்தவனுக்குத் தெரியாது. தோட்டம் மாறுவதாயின் ‘துண்டு’ எனப்பட்ட கடன்சீட்டு வேண்டும். தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கச் சம்மதிக்கும் தோட்டத்துக்கே அவன் போகலாம். 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, தன்னால் வாசிக்க முடியாத ஒரு காகிதத்துக்கு மனிதர் கட்டுப்பட்டிருந்தனர்.

பள்ளியின் கதை இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. 1854இல் தோட்டத் தொழிலாளர்களிடையே கிறிஸ்தவத் தொண்டாற்ற அமைக்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் சில இடங்களில் பள்ளிகளை நடத்தியது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகக் குறிப்பிட்டது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்டங்களின் மேல் உறுதியாக வைத்தது. கடமையை நிறைவேற்றிய விதம்தான் நமக்குத் தெரியுமே. லயத்தின் கடைசிக் காம்பராவோ பிள்ளைக் காம்பராவின் ஒரு மூலையோ பள்ளியானது. ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புக்கும் அவரே. எழுத்துத் தெரிந்த கணக்கப்பிள்ளையே ஆசிரியரான இடங்களும் உண்டு. பத்து வயதுக்குப் பிறகு பிள்ளை மலைக்குப் போகும், பெண்பிள்ளைக்குக் கூடை.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தோட்டத்துப் பள்ளி அந்தப் பாதைக்கு வெளியிலேயே நின்றது. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியிலிருந்து, அப்பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடன் நாட்டு உதவியால் பல பள்ளிகளுக்குக் கட்டடமும் தளபாடமும் கிடைத்தன. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் இடையில் ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட இடைவெளி அதற்குள் விழுந்திருந்தது.

அந்த இடைவெளியில் எழுத்தைக் காப்பாற்றியவர்கள் சிலர். பதுளையின் ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்த தெளிவத்தை ஜோசப், தான் வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு 2022இல் மறையும் வரை எழுதினார். ஒற்றை ஆசிரியர் பள்ளி என்று நாம் இளக்காரமாகச் சொல்வதிலிருந்தும் ஓர் இலக்கியம் வந்திருக்கிறது.

சுவருக்கு வருவோம். லயத்துச் சுவர் அடுப்புப் புகையால் கறுத்துக் கிடக்கும். அதை மறைக்கப் பழைய பத்திரிகைகளை ஒட்டுவார்கள். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தொடங்கியபின், அவை கடையில் சாமான் சுற்றி வந்தோ துரை பங்களாவிலிருந்து கழிந்து வந்தோ சுவரில் ஏறின. என்னோடு கலாசாலையில் படித்த தோட்டத்து நண்பர் ஒருவர், பாயில் படுத்தபடி சுவரில் தலைகீழாக ஒட்டியிருந்த தலைப்பொன்றை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கப் பழகியதாகச் சொல்வார். யாரும் பாடமென்று ஒட்டாத சுவர் பாடமாக இருந்தது. தாய்மார் கரித்துண்டால் சுவரில் கோடு கிழித்துக் கணக்கு வைத்ததும் அதே சுவரில்தான்.

நம் வீட்டுப் பலகை

அந்தக் கரிக்கோட்டை நினைக்கும்போது எங்கள் மூத்தாப்பாவின் கடையும் நினைவுக்கு வரும். தவளம் நடத்திய காலத்திலிருந்தே ஊவாவில் வியாபாரம் நம்மவர்களின் கையில் கணிசமாக இருந்தது. 1924இல் பதுளை வரை புகையிரதம் வந்தபின் தோட்டத்துக் கடைகளும் பெருகின. மூத்தாப்பாவின் கடையில் பற்றுக் கொப்பி ஒன்று இருந்தது. அரிசி, மா, கருவாடு எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கழியும். ஒருமுறை ஒரு தொழிலாளிப் பெண் தன் சுவரிலிருந்த கோடுகளைக் கணக்கிட்டு வந்து, கொப்பியில் கூடுதலாக இருப்பதாகச் சொன்னாராம். கொப்பியைத் திருப்பி அவர் பக்கம் காட்டினார்களாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கொப்பிதான் வென்றது. வாப்பா இதைச் சொல்லும்போது யார் கணக்குச் சரி என்று சொல்லமாட்டார். அவருக்கும் அது தெரியாது. கடதாசி வைத்திருந்தவர்கள் நாங்கள் என்பது மட்டும் தெரியும். மலையகத்தில் நம் சமூகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கொப்பியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே வீட்டில் வேறொரு எழுத்தும் இருந்தது. உம்மம்மா பாடசாலைக்குப் போனவரல்லர். தமிழெழுத்து அவருக்குத் தெரியாது. பாடசாலைக் கணக்கில் அவர் எழுத்தறியாதவர். ஆனால் அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தடங்கலின்றி வாசிப்பார். மாலைகளையும் மஸ்அலாக்களையும் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி வாசித்துக் காட்டுவார். அவர் எழுத்துக் கற்றது மரப்பலகையில். வெள்ளைக் களி பூசி, காயவைத்து, மையால் எழுதி, ஓதி முடிந்ததும் கழுவிவிட்டு அடுத்த பாடம். திண்ணைப் பள்ளியின் மணலும் நம் ஓதற்பள்ளியின் பலகையும் ஒரே இனம். எழுதி அழிக்கும் எழுத்து, செலவில்லாத எழுத்து.

லெப்பை சொல்லிக்கொடுத்த விதத்தை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அலிபுக்கு சபர் அ, அலிபுக்கு சேர் இ, அலிபுக்கு பேஷ் உ. பேக்கு சபர் ப, பேக்கு சேர் பி, பேக்கு பேஷ் பு. எழுத்து, அதன் மேல் குறி, இரண்டும் சேர்ந்து வரும் ஒலி. இதுவே ஒலிவழிக் கற்பித்தல். கலாசாலை விரிவுரையில் அந்தச் சொல்லை நான் முதன்முதல் கேட்டபோது, ஐந்து வயதில் பாயில் அமர்ந்து இதைத்தானே செய்தோம் என்று தோன்றவில்லை. மத்ரஸாவில் கற்றதை ஒரு பக்கமும் பாடசாலையில் கற்றதை ஒரு பக்கமும் வைத்துப் பழகியவர்கள் நாம்.

அரபுத்தமிழை ஆக்கியவர்கள் ஒலியில் நுட்பமான காது உடையவர்கள். அரபியில் இல்லாத ப, ச, ட, ங, ஞ, ண போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். பெயர்களும் அதில் சிதையவில்லை. முஹம்மத் என்ற பெயர் எவர் எழுதினாலும் மீம், ஹே, மீம், தால் என்ற நான்கெழுத்தில்தான் நிற்கும். தமிழெழுத்துக்கு வந்தபோது என்ன நடந்தது? முகம்மது, முஹம்மத், முகமது, மொகமட், மொஹமட். என் குடும்பத்தின் பத்திரங்களிலேயே இவற்றுள் மூன்று உண்டு.

கண்டியில் சித்திலெப்பை (1838–1898) செய்த முயற்சியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கியவர், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ நாவலை எழுதியவர், நம் பிள்ளைகள் அரபியோடு தமிழும் ஆங்கிலமும் கற்க வேண்டுமென்று வாதாடியவர். மிஷன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப அஞ்சிய ஒரு சமூகத்திடம், ஓதற்பள்ளியின் எழுத்தையும் பாடசாலை எழுத்தையும் ஒரே பிள்ளையிடம் சேர்க்கலாம் என்று சொன்னார். பாடசாலைகள் வந்தன. ஆனால் உம்மம்மாவின் எழுத்து வீட்டோடு முடிந்துபோனது. நான் அதை வாசிக்கக் கற்கவில்லை.

ஓர் எழுத்தின் விலை

எழுத்துப் பிழை பெரிய விடயமா என்று கேட்கிறவர்கள் உண்டு. மலையகத்தில் அது என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதற்கு எத்தனை ஆண்டு தொடர்ந்து வசித்தோம் என்பதைப் பத்திரங்களால் நிறுவ வேண்டும். தோட்டத்துச் செக்றோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் ஒரு பெயர் என்றிருந்தவர்கள் எதைக் கொண்டு நிறுவுவது? 1964இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்பதென்று விட்டது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தான 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியிலிருந்து இங்கே வசித்துவந்த நாடற்றோருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சமூகம் முழுவதும் காகிதத்தின் முன் நின்றது.

குடியுரிமை வந்தது, பெயர் வரவில்லை. சிங்களத்தில் லகரமும் ளகரமும் உண்டு, ழகரம் இல்லை. தமிழ்ப் பெயரொன்று சிங்களத்தில் பதிவாகும்போது ழகரம் இந்த இரண்டில் ஒன்றாகிவிடும். பின்னர் அதைத் தமிழில் திருப்பி எழுதுபவர் முன்னால் இருக்கும் எழுத்தையே எழுதுவார். ஆங்கிலத்தின் வழியே போய்வந்தாலும் இதே கதிதான். என் மாணவியின் பெயர் அப்படித்தான் லகரமாயிற்று. ஓர் அலுவலகத்தில் இதைத் திருத்தக் கேட்டபோது, “ரெண்டும் ஒண்டுதானே, என்ன வித்தியாசம்?” என்றார்கள் என்று தாய் சொன்னார். அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லும் எழுத்தறிவு அவரிடம் அப்போது இல்லை. காதும் அவருக்கு உதவவில்லை. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் லயத்திலும் சரி, முஸ்லிம் கிராமத்திலும் சரி, ழகரம் பேச்சில் ளகரமாகவே வருகிறது.

சுவரில் செய்த வேலை

ஆசிரியன் என்ற முறையில் நான் கற்றுக்கொண்ட பாடம் இந்த இடத்தில் இருக்கிறது. வாசிப்பதற்குத் தமிழ் பெரிதும் ஒலிவழி மொழி. ஆங்கில எழுத்துக்குப் பெயர் ஒன்று, ஒலி வேறு. நமக்கு எழுத்தின் பெயரே ஒலி. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. ஆனால் தமிழ் பேசும் பிள்ளைக்கு அது இயல்பாகவே வாயில் வருவதால் அங்கே தொல்லையில்லை. தொல்லை இரண்டு இடங்களில். ஒன்று, கெ, கே, கை, கொ, கோ போன்றவை. பிள்ளையின் காதில் முதலில் விழுவது மெய். கண்ணில் முதலில் படுவதோ கொம்பு. இதற்கு லெப்பையின் வழியே நல்ல மருந்து: மெய்யைச் சொல், குறியைச் சொல், சேர்த்துச் சொல். மற்றது ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. இங்கே காது கைவிடுகிறது. ஒலியைக் கேட்டு எழுதச் சொன்னால் பிள்ளை தான் கேட்டதை எழுதும். கேட்டதை எழுதியதற்காக அதை அடிக்கவும் கூடாது. இந்த இடத்தில் கண்தான் கற்க வேண்டும். கண் கற்பதற்குச் சொல் நாள்தோறும் எதிரே இருக்க வேண்டும்.

ஆகவே அந்தத் தாயின் சுவரை ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டு, வகுப்பிலிருந்த எல்லா வீடுகளிலும் தொடங்கினோம். ஆங்கிலச் சொற்சுவரில் சொற்களை முதலெழுத்துப்படி அடுக்குவார்கள். நாங்கள் மயங்கும் எழுத்துப்படி அடுக்கினோம். ல ஒரு வரிசை, ள ஒரு வரிசை, ழ ஒரு வரிசை. கிழமைக்கு ஐந்து சொல், அதற்கு மேல் இல்லை. மயங்கும் எழுத்துக்கு மட்டும் சிவப்பு. மாலையில் பிள்ளை சொல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கண்ணை மூடி எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும், தரையிலோ பழைய தாளிலோ எழுத வேண்டும், பிறகு சுவரைப் பார்த்துத் தானே திருத்த வேண்டும். ஒட்டிவிட்டு மறந்தால் சொற்சுவர் வெறும் அலங்காரம். தாய்மாருக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

சொற்களை நான் கொடுக்கவில்லை, வீடுகளிடமே கேட்டேன். ழகர வரிசையில் லயத்து வீடுகளில் முதலில் வந்த சொல் கொழுந்து. அந்தச் சொல்லால்தான் அவர்களின் அடுப்பு எரிகிறது. அதையே அவர்கள் ‘கொளுந்து’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிராமத்து வீடுகளில் முதலில் வந்த சொல் தொழுகை. ஐந்து வேளையும் வீட்டில் புழங்கும் சொல். அதையும் பிள்ளைகள் ‘தொளுகை’ என்றே எழுதினார்கள். பாடசாலை மீண்டும் திறந்தபோது இரண்டு சொற்களும் வகுப்புச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. லயத்துப் பிள்ளை தொழுகையையும் நம் பிள்ளை கொழுந்தையும் பிழையின்றி எழுதினார்கள். பற்றுக் கொப்பியின் இரண்டு பக்கத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

எல்லாம் வென்றதென்று சொல்ல மாட்டேன். சில வீடுகளில் மழை ஒழுகிச் சொற்கள் உதிர்ந்தன. சில வீடுகளில் ஒட்டியதோடு சரி. தாய்க்கு எழுத்தே தெரியாத வீட்டில் அக்காவோ அண்ணனோ இல்லாவிட்டால் சுவர் பேசாது. ஏழை வீட்டின் சுவரைக் காட்டிப் பாடசாலையின் கடமையை யாரும் தட்டிக்கழிக்கவும் முடியாது. புத்தகம் வாங்கப் பணமில்லை என்று லங்காஸ்டர் சுவரில் தொங்கவிட்டது இருநூறு ஆண்டுகளுக்கு முன். இன்றும் நம் பிள்ளைகளுக்குச் சுவர்தான் என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிறர் எழுதி வைத்த துண்டையும் கொப்பியையும் பத்திரத்தையும் வாசிக்க முடியாமல் நின்ற வீடுகளில், முதன்முறையாக அந்த வீட்டாரே தேர்ந்த சொற்கள் அவர்களுடைய கையெழுத்திலேயே சுவரில் நின்றன. அது சிறிய விடயமல்ல.

அந்த மாணவி இப்போது மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். சென்ற ஆண்டு தாய் என்னைத் தேடி வந்தார். பிறப்புப் பத்திரத்தில் பெயரைத் திருத்துவதற்கான விண்ணப்பம் கையில் இருந்தது. நிரப்பித் தரும்படி கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேனையை எடுத்தேன். பெயரிருக்க வேண்டிய கட்டத்தை அவர் ஏற்கெனவே தன் கையால் நிரப்பியிருந்தார். ழகரம் தெளிவாக இருந்தது.

“மத்ததெல்லாம் நீங்க எழுதுங்க சேர்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.